பழைய பக்கங்களில் உயிரினங்களைத் தேடுதல்: இயற்கை வரலாற்று மின்னூலகங்களை ஆய்வுக்குப் பயன்படுத்தும் முறை

பெரும்பாலான அறிவியல் துறைகளில் நூறாண்டுப் பழமையான கட்டுரை ஒன்று வரலாற்று ஆர்வத்துக்கு மட்டுமே உரியது. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் துறையில் அப்படி இல்லை. ஓர் உயிரினத்துக்கு முறைப்படி வெளியிடப்பட்ட பெயர்களுள் மிகப் பழையதே செல்லும் என்பது பெயரிடல் விதிகளின் அடிப்படை. விலங்குகளுக்கு இந்தக் கணக்கு சுவீடிய இயற்கையியலாளர் லின்னேயஸின் ‘சிஸ்டமா நாச்சுரே’ பத்தாம் பதிப்பு வெளியான 1758-இலிருந்தும், பெரும்பாலான தாவரங்களுக்கு அவருடைய ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ வெளியான 1753-இலிருந்தும் தொடங்குகிறது. எனவே புதிய சிற்றினம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகக் கருதும் ஆய்வாளர், அதை 1820-இலோ 1890-இலோ வேறொருவர் ஏற்கெனவே விவரித்துவிடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டே எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றுகள் அடங்கிய நூல்களும் இதழ்களும் நெடுங்காலமாக ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் சில நூலகங்களில் மட்டுமே இருந்தன. உயிரினங்களோ மிகுதியும் வெப்பமண்டல நாடுகளில் வாழ்கின்றன. மின்னூலகங்கள் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிட்டன. ஆனால் பக்கம் கிடைப்பது வேறு, அதைச் சரியாகப் பயன்படுத்துவது வேறு. இரண்டாவதற்கான வழிமுறைகளே இங்கு விரிவாகச் சொல்லப்படுகின்றன.

எங்கே தேடுவது

முதலில் செல்ல வேண்டிய இடம் ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’, சுருக்கமாகப் பி.எச்.எல். அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகங்களும் தாவரவியல் பூங்கா நூலகங்களும் இணைந்து 2006-இல் இதைத் தொடங்கின. பின்னர் பிற கண்டங்களின் நிறுவனங்களும் சேர்ந்தன. இன்று 6 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இதில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுவான மின்னூலகங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் சிறப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள அறிவியல் பெயர்களை மென்பொருள் ஒன்று கண்டறிந்து அட்டவணைப்படுத்தியிருப்பதால், ஒரு பெயரைக் கொடுத்தால் அது வரும் பக்கங்களின் பட்டியலை நூலகம் முழுவதிலிருந்தும் திரட்டித் தருகிறது.

இதில் இல்லாதவற்றைப் பிற இடங்களில் தேடலாம். பிரெஞ்சு நூல்களுக்குப் பிரான்சின் தேசிய நூலகம் நடத்தும் காலிகா, ஸ்பானிய மரபின் தாவரவியல் நூல்களுக்கு மாட்ரிட் அரச தாவரவியல் பூங்காவின் மின்னூலகம், ஆஸ்திரிய இதழ்களுக்கு சோபோடாட், எல்லா வகைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி டிரஸ்ட் ஆகியன பயன்படும். ஒரே நூலின் வெவ்வேறு பிரதிகள் வெவ்வேறு தளங்களில் இருப்பதை வீண் நகல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றின் பயன் பின்னால் தெரியவரும்.

பெயரை நேரடியாகத் தேடாதீர்கள்

புதியவர்கள் இன்றைய அறிவியல் பெயரை அப்படியே தேடல் பெட்டியில் இட்டு, முதலில் வரும் பக்கத்தை மூலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிட்டுக்குருவியை எடுத்துக்கொண்டால் இதிலுள்ள சிக்கல் விளங்கும். அதன் இன்றைய பெயர் பாசர் டொமெஸ்டிகஸ். பெயரை அடுத்து லின்னேயஸ் என்பதும் 1758 என்பதும் பிறை அடைப்புக்குள் எழுதப்படும். விலங்கியலில் அந்த அடைப்புக்குப் பொருள் உண்டு: பெயரிட்டவர் இந்தச் சிற்றினத்தை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதே அது. லின்னேயஸ் சிட்டுக்குருவிக்கு இட்ட பெயர் ஃபிரிஞ்சில்லா டொமெஸ்டிகா. பேரினம் மாறியபோது இலத்தீன் இலக்கணப்படி பால் ஒத்துவருவதற்காக ஈறும் மாறியது. ஆகவே பாசர் டொமெஸ்டிகஸ் என்று எத்தனை முறை தேடினாலும் மூலப் பக்கம் வராது.

ஃபிரிஞ்சில்லா டொமெஸ்டிகா என்று தேடினால் வருமா? அதற்கும் உறுதி இல்லை. பத்தாம் பதிப்பில் பேரினப் பெயர் தலைப்பாகவும், சிற்றினப் பெயர் பக்கத்தின் ஓரத்தில் தனியாகவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. இரண்டும் அடுத்தடுத்த சொற்களாக வருவதில்லை. போதாததற்கு அக்கால அச்சில் ‘எஸ்’ எழுத்துக்கு ‘எஃப்’ போன்ற நீண்ட வடிவம் ஒன்று வழங்கியது. படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அதை எஃப் என்றே படித்துவிடும் வாய்ப்பு மிகுதி. டொமெஸ்டிகா டொமெஃப்டிகா ஆகிவிடும். இணைந்த உயிரெழுத்துகளும், பழைய ஜெர்மானிய அச்செழுத்துகளும், வரியின் முடிவில் பிளவுபட்ட சொற்களும் இதே போன்ற தடைகள். பேரினப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதும் வழக்கம் இன்னொன்று.

எனவே சரியான வரிசை தலைகீழானது. முதலில் பெயர்ப் பட்டியல்களுக்குச் செல்லுங்கள். தாவரங்களுக்கு ஐ.பி.என்.ஐ. என்னும் பன்னாட்டுத் தாவரப் பெயர் அட்டவணை, பூஞ்சைகளுக்கு இண்டெக்ஸ் ஃபங்கோரம், மீன்களுக்குக் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் மீன் பெயர்ப் பட்டியல், ஊர்வனவற்றுக்கு ரெப்டைல் டேட்டாபேஸ் என்று பெரும்பாலான குழுக்களுக்கு நம்பகமான பட்டியல்கள் உள்ளன. அவை மூலப் பெயரையும், ஆசிரியரையும், நூல் அல்லது இதழின் சுருக்கப் பெயரையும், தொகுதியையும், பக்க எண்ணையும் தருகின்றன, பலவற்றில் பி.எச்.எல். பக்கத்துக்கே நேரடி இணைப்பு இருக்கும். பட்டியல் இல்லாத குழுவாக இருந்தால், 1758 முதல் 1850 வரை வெளியான விலங்குப் பெயர்களைச் சார்லஸ் டேவிஸ் ஷெர்பார்ன் தனியொருவராகத் திரட்டிய ‘இண்டெக்ஸ் அனிமாலியம்’ இன்றும் கைகொடுக்கிறது. அத்தகைய உழைப்பின் மேல்தான் இன்றைய மென்பொருள்களும் நிற்கின்றன என்பதை இளம் ஆய்வாளர்கள் அறிந்திருப்பது நல்லது.

பக்க எண் கிடைத்த பிறகு மின்னூலகத்தில் பெயரைத் தேட வேண்டாம். நூலைத் திறந்து அந்தப் பக்கத்துக்கே போங்கள். சிட்டுக்குருவிக்கு அது முதல் தொகுதியின் 183-ஆம் பக்கம். பெயர்த் தேடலை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மூல விவரிப்புக்குப் பின் அந்தப் பெயர் எங்கெல்லாம் எடுத்தாளப்பட்டது, எந்த நாடுகளின் பட்டியல்களில் இடம்பெற்றது என்று அறிய அதைவிடச் சிறந்த கருவி இல்லை. அப்போது சிற்றினப் பெயரின் மூன்று பால் ஈறுகளையும், எல்லா இணைப்பெயர்களையும் (அதே உயிரினத்துக்கு இடப்பட்ட வேறு பெயர்கள்), தெரிந்த எழுத்துப் பிழை வடிவங்களையும் தனித்தனியே தேட வேண்டும். தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதை, ஒன்றும் வெளியாகவில்லை என்பதற்குச் சான்றாக ஒருபோதும் எழுதிவிடக் கூடாது.

கிடைத்த பக்கத்தை எப்படிப் படிப்பது

பக்கம் கண்முன் வந்ததும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இது உண்மையிலேயே மூல விவரிப்பா? எப்போது வெளியானது? எந்த மாதிரியை வைத்து எழுதப்பட்டது?

முதல் கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் பழைய பயண நூல்களிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் விவரிப்பு ஏதுமின்றி வெறும் பெயர் மட்டும் அச்சாகியிருப்பது சாதாரணம். அவ்வாறு விவரிப்போ படமோ முந்தைய விவரிப்பைச் சுட்டும் குறிப்போ இல்லாத பெயர் விதிகளின்படி செல்லுபடியாகாது. அதற்கு முன்னுரிமையும் கிடையாது. தேடலில் வந்த மிகப் பழைய பக்கம் அத்தகைய ஒன்றாக இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் நேரம் செலவாகும், செலவழிப்பதும் தகும். முதற்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டை நம்ப முடியாத நூல்கள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய படநூல்கள் சந்தாதாரர்களுக்குப் பகுதி பகுதியாகப் பல ஆண்டுகள் அனுப்பப்பட்டன. எல்லாம் முடிந்த பின் அச்சிட்ட முதற்பக்கத்தில் ஓர் ஆண்டு மட்டும் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் இருந்த காகித மேலட்டையில் வெளியீட்டு மாதம் இருந்தது, ஆனால் நூல்களைக் கட்டுவோர் பெரும்பாலும் அந்த அட்டைகளைக் கிழித்து எறிந்துவிட்டனர். ஏதோ ஒரு நூலகத்தில் கட்டாமல் விட்ட பிரதியிலோ, நூலின் கடைசியில் சேர்த்துக் கட்டிய பிரதியிலோ அவை தப்பியிருக்கும். முன்பு சொன்ன நகல்களின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது: இரண்டு மூன்று நூலகங்களின் பிரதிகளைத் திரையில் அருகருகே வைத்து ஒப்பிடுவது, முன்பு பல நகரங்களுக்குப் பயணம் செய்தாலன்றி இயலாத வேலை. கழகக் கூட்ட நடவடிக்கை இதழ்களிலும் இதே கவனம் தேவை; கட்டுரை படிக்கப்பட்ட நாள் தலைப்பில் இருக்கும், அச்சானதோ அடுத்த ஆண்டாக இருக்கக்கூடும். விலங்கியல் விதிகளின்படி நூலில் குறித்த நாளுக்கு எதிரான சான்று இல்லையென்றால் அதுவே ஏற்கப்படும். மாதம் மட்டும் தெரிந்தால் அம்மாதத்தின் கடைசி நாளும், ஆண்டு மட்டும் தெரிந்தால் டிசம்பர் 31-உம் வெளியீட்டு நாளாகக் கொள்ளப்படும். ஒரே சிற்றினத்துக்கு ஒரே ஆண்டில் இருவர் பெயரிட்ட வழக்குகளில் தீர்ப்பு இந்தச் சிறு விவரத்தில் தொங்குகிறது. பழைய ரஷ்ய வெளியீடுகளில் உள்ள நாள்கள் ஜூலியன் நாள்காட்டியைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது 12 நாள் பின்தங்கியிருந்தது.

மூன்றாவது கேள்விக்கான விடை சில சமயம் ஒரே வரியில் இருக்கும்: மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் உள்ளது, யார் சேகரித்தார், எங்கே. அருங்காட்சியகங்களும், உலர்த்திய தாவரங்களைப் பாதுகாக்கும் உலர்தாவரகங்களும் தம் வகைமாதிரிகளின் (பெயருக்கு அடிப்படையான மாதிரிகளின்) படங்களை இணையத்தில் வைத்துவருவதால், விவரிப்பில் உள்ள அளவுகளையும் அந்தப் படத்தையும் ஒப்பிட முடிகிறது. விவரிப்பை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிட வேண்டாம், படத்தட்டுகளையும் தேடுங்கள். அவை உரைக்கு அருகில் இராமல் தொகுதியின் இறுதியிலோ தனித் தொகுதியிலோ கட்டப்பட்டிருக்கும். மடித்து வைத்த பெரிய படங்களை விரிக்காமலே படமெடுத்த பிரதிகளும் உண்டு. அப்போதும் வேறு பிரதியே துணை.

மறந்துபோன பழைய பெயர் ஒன்றை இப்படித் தேடும்போது கண்டெடுக்க நேரலாம். உடனே அதை மீட்டு, எல்லாரும் வழங்கும் பெயரைத் தள்ளிவிட வேண்டும் என்று தோன்றும். அவசரம் வேண்டாம். பழைய பெயர் 1899-க்குப் பின் செல்லத்தக்க பெயராகப் பயன்படுத்தப்படவில்லை என்றும், வழக்கிலுள்ள பெயர் கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்களின் 25 வெளியீடுகளில், பத்தாண்டுக்குக் குறையாத கால இடைவெளியில் வந்துள்ளது என்றும் காட்டினால், வழக்கிலுள்ள பெயரைக் காக்க விலங்கியல் விதிகள் இடமளிக்கின்றன. அந்தச் சான்றுகளைத் திரட்டவும் இதே மின்னூலகம் உதவுகிறது. பழைய பெயரைத் தோண்டியெடுப்பது எளிதாகிவிட்ட காலத்தில், தேவையின்றிப் பெயர்களைக் குலைக்காமல் இருப்பதும் ஆய்வாளரின் கடமை என்றே கருதுகிறேன்.

பெயரைத் தாண்டிய தகவல்கள்

வகைப்பாட்டியலாளருக்கு மட்டுமல்ல, சூழலியலாளருக்கும் இந்தப் பக்கங்களில் சரக்கு உண்டு. ஒரு தீவில் எந்தப் பறவை எந்த மாதம் கூடுகட்டியது, எந்த ஆழத்தில் எந்தச் சிப்பி வலையில் வந்தது, எந்தக் காட்டில் எந்த மரம் மிகுந்திருந்தது என்பன விவரிப்புகளின் இடையே சிதறிக் கிடக்கின்றன. சில உயிரினங்களுக்கு நூலைத் தவிர வேறு சாட்சியே இல்லை. பெரிங் தீவில் 1741-இல் கரையொதுங்கிய கப்பலில் இருந்த கியோர்க் ஸ்டெல்லர் அங்கு வாழ்ந்த பெருங்கடற்பசுவைக் கூர்ந்து கவனித்து எழுதினார். அவர் இறந்த பின் 1751-இல் அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சானது. 1768-க்குள் அந்த விலங்கு அழிந்துவிட்டது. உயிருடன் அதைக் கண்டு விவரித்த இயற்கையியலாளர் அவர் ஒருவரே. அது எப்படி மேய்ந்தது, எப்படிக் கூட்டமாக நடந்துகொண்டது என்பவற்றை எலும்புக்கூடு சொல்லாது. அந்தப் பக்கங்கள்தாம் சொல்கின்றன.

களக்குறிப்பேடுகளை மின்னுருவாக்கியிருக்கும் நிறுவனங்களையும் விட்டுவிட வேண்டாம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பகுதியில் ஜோசப் கிரினெல்லும் அவருடைய குழுவினரும் 1914 முதல் 1920 வரை நடத்திய கணக்கெடுப்பின் குறிப்பேடுகள் பெர்க்லியிலுள்ள முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே இடங்களில் மீண்டும் கணக்கெடுத்தபோது, ஆராய்ந்த 28 சிறு பாலூட்டிச் சிற்றினங்களில் பாதி, சராசரியாக ஏறத்தாழ 500 மீட்டர் மேல்நோக்கி நகர்ந்திருந்தது தெரியவந்தது. இந்த ஒப்பீடு இயன்றதற்குக் காரணம் பழைய குறிப்புகளில் என்ன கிடைத்தது என்பதோடு, எத்தனை பொறிகளை எத்தனை இரவுகள் வைத்தார்கள் என்பதும் எழுதப்பட்டிருந்ததுதான். நீங்களும் பழைய பதிவுகளில் தேடல் முயற்சி பற்றிய தகவல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத பட்டியலைக் கொண்டு ஓர் உயிரினம் அங்கு இருந்தது என்று சொல்லலாம். இல்லை என்று சொல்ல முடியாது.

தகவலை எடுக்கும்போது, அச்சில் உள்ளபடி தரவு அட்டவணையின் ஒரு புலத்திலும் உங்கள் விளக்கத்தை மற்றொரு புலத்திலும் எழுதுவது கட்டாயம். பல்லுயிரியத் தரவுகளுக்கான டார்வின் கோர் என்னும் பொதுத்தரம் இதற்கெனத் தனித்தனிப் புலங்களை வைத்திருக்கிறது. அச்சிட்ட பெயர், இன்று ஏற்கப்படும் பெயர், அச்சிட்ட இடப்பெயர், நீங்கள் கணித்த ஆயத்தொலைகள், அவற்றின் பிழை எல்லை, சேகரித்த நாள், சேகரித்தவர், அருங்காட்சியக எண், பக்க இணைப்பு ஆகியவை குறைந்தபட்சத் தேவை. இந்த வடிவில் தந்தால், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஃப் போன்ற உலகளாவிய தரவுத்தளங்கள் அதை ஏற்கும்.

அளவுகளை மாற்றும்போது எச்சரிக்கை வேண்டும். கடலின் ஆழத்தைக் குறிக்கும் பாத்தம் என்பது ஆறடி, அதாவது 1.83 மீட்டர். ‘லைன்’ என்னும் பழைய நீள அளவைக் கண்டால் அது ஆங்கிலேய லைனா பாரிஸ் லைனா என்று அறிய வேண்டும்; முன்னது 2.12 மில்லிமீட்டர், பின்னது 2.26 மில்லிமீட்டர். ஒரு பூச்சியின் உடல் நீளத்தில் அந்த வேறுபாடு சிற்றினத்தையே மாற்றிக் காட்டிவிடலாம். தீர்க்கரேகையிலும் இதே பொறி இருக்கிறது. கிரீனிச் பொதுக்கோடாக 1884 மாநாட்டில் பரிந்துரைக்கப்படும் வரையிலும், பிரான்சில் 1911 வரையிலும், பாரிஸிலிருந்து எண்ணும் வழக்கம் இருந்தது. இரண்டுக்கும் இடையே 2 பாகை 20 கலை வேறுபாடு. கவனியாமல் வரைபடத்தில் இட்டால், நிலநடுக்கோட்டருகே சேகரித்த ஓணான் ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நகர்ந்து கடலில் நீந்தும்.

அடையாளங்காணலின் நம்பகத்தன்மையும் ஒரே அளவானது அல்ல. மாதிரி எண்ணுடன் வந்த பதிவை இன்றும் சரிபார்க்கலாம். வெறும் பெயருடன் வந்த பதிவை அதை எழுதியவரின் திறமையை நம்பியே ஏற்க வேண்டும். பின்னாளில் ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், பழைய பதிவு எதைக் குறிக்கிறது என்பதை இடத்தைக் கொண்டே ஊகிக்க நேரும். அதை ஊகம் என்றே எழுதிவிடுங்கள்.

மொத்தமாகத் தரவெடுக்கும்போது

ஆயிரக்கணக்கான பெயர்களை ஆராய்பவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறக்க வேண்டியதில்லை. பி.எச்.எல். தன் நூற்பட்டியல், எழுத்துணரி உரை, கண்டறிந்த பெயர்கள் ஆகியவற்றை மொத்தமாகப் பதிவிறக்கவும், நிரல் வழியாகக் கேட்டுப் பெறவும் வசதி தந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பிளாசி என்னும் அமைப்பு இன்னொரு வழியில் செல்கிறது: வெளியீடுகளிலிருந்து ஒவ்வொரு சிற்றினத்துக்குமான விவரிப்புப் பகுதியைத் தனியே பிரித்தெடுத்துக் கட்டமைத்த தரவாக வழங்குகிறது.

ஆனால் இந்த எண்ணிக்கைகளைக் கொண்டு வரையும் படங்களில் ஒரு பொய்த் தோற்றம் ஒளிந்திருக்கிறது. மின்னூலகங்களில் உள்ளவை பெரும்பாலும் காப்புரிமை முடிந்த நூல்கள். அமெரிக்காவில் வெளியான பழைய நூல்களுக்கு அந்த எல்லை வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். வேறு பல நாடுகளில் ஆசிரியரின் மறைவிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகையால் 1920-களுக்குப் பின் பக்கங்களின் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. ஓர் உயிரினத்தைப் பற்றிய குறிப்புகள் அந்தக் காலத்துக்குப் பின் அருகிவிட்டதாகக் கண்டால், அருகியது உயிரினமா அல்லது மின்னுருவான காகிதமா என்று முதலில் கேட்க வேண்டும். மொழியிலும் இதே சாய்வு உண்டு. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இலத்தீன் நூல்கள் நிறைந்திருக்க, பிற மொழிகளின் இதழ்கள் குறைவாகவே ஏறியிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டின் மொத்தப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது குறைந்தபட்சத் திருத்தம். மென்பொருள் கண்டறிந்த பெயர்களிலும் ஒரு பகுதியை எடுத்துக் கண்ணால் சரிபார்த்து, பிழை விகிதத்தைக் கட்டுரையிலேயே தர வேண்டும்.

மேற்கோளும் திருத்தமும்

மின்னூலகத்தில் படித்ததை மேற்கோள் காட்டும்போது, மூல நூலின் விவரங்களை முழுமையாகத் தந்து, உடன் பக்கத்தின் நிலையான இணைப்பையும் சேருங்கள். பி.எச்.எல். ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத எண் ஒன்றை வழங்குகிறது. உலாவியின் முகவரிப் பட்டையில் தற்செயலாக இருப்பதை நகலெடுக்காமல் அந்த எண்ணுள்ள இணைப்பையே பயன்படுத்த வேண்டும். பல நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் டி.ஓ.ஐ. என்னும் நிலையான மின்னடையாள எண்ணும் இடப்பட்டுள்ளது. தேவையான பக்கங்களை மட்டும் தேர்ந்து ஒரே பி.டி.எஃப். கோப்பாக எடுத்துக்கொள்ளலாம், எடுக்கும்போது நூலின் முதற்பக்கத்தையும் பகுதிகளின் வெளியீட்டு நாள்களைக் கூறும் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள், ஏனெனில் விவரிப்புப் பக்கம் தனியாகப் பல மாதங்கள் கழித்துக் கணினியில் அகப்பட்டால் அது எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று நினைவிருக்காது. அனுமதி பெற்று ஏற்றிய, காப்புரிமை முடியாத நூல்களுக்கு மறுபயன்பாட்டுக் கட்டுப்பாடு இருக்கும். படங்களை மறுபதிப்பிடும் முன் நூலின் விவரப் பக்கத்தில் உரிமக் குறிப்பைப் படிக்க வேண்டும்.

விடுபட்ட பக்கத்தையோ, தவறான தொகுதி எண்ணையோ, தலைகீழாகப் படமெடுத்த தட்டையோ கண்டால் தளத்திலுள்ள கருத்துப் படிவத்தில் பக்க எண்ணோடு தெரிவியுங்கள். தேவையான நூல் இல்லையென்றால் அதை ஏற்றும்படி கோரவும் அதே படிவம் உதவும். கோரும்போது நூலின் பெயர், ஆண்டு, எந்த நூலகத்தின் அட்டவணையில் அது காணப்படுகிறது ஆகிய மூன்றையும் எழுதினால், உறுப்பு நூலகங்களில் யாரிடம் பிரதி உள்ளது என்று அவர்கள் தேடுவது எளிதாகும்.